றிசெப்சன் தண்ணிச் செலவு: யார் கட்டுவது, எப்படிக் கட்டுவது?

முறிகண்டியான்

தங்கச்சிக்கு வைகாசியில் கலியாணம். தாலிகட்டு கோயிலில், மத்தியானப் பந்தி கோயில் மண்டபத்தில். அது முழுக்கச் சைவம், அதில் பிரச்சினை இல்லை. இரண்டு நாள் கழித்துக் கிளிநொச்சியில் ஒரு ஹோலில் பின்னேரம் றிசெப்சன். இழுபறி அங்கேதான்.

மாப்பிள்ளை மாங்குளத்துப் பெடியன், நல்லவர், டொனேசன் என்று ஒரு சதம் கேட்கவில்லை. ஆனால் கனடாவில் இருந்து வரப்போகிற அவருடைய சித்தப்பா, "ஓப்பன் பார் இல்லாமல் என்ன றிசெப்சன்" என்று, அதாவது வருகிறவர்கள் காசு கொடுக்காமல் குடிக்கிற பார் வேண்டும் என்று, போனில் சொல்லிப்போட்டார். தான் ஏதாவது பார்த்துச் செய்வதாகவும் சொன்னாராம். அந்த "ஏதாவது" எவ்வளவு என்று கேட்க இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஹோல்காரர் மூன்று வழி சொல்கிறார். சாப்பாட்டு விலையோடு தலைக்கு 1,500 ரூபா கூட்டினால் குடிவகை அவர்கள் பொறுப்பு. அல்லது குடித்த அளவுக்கு இரவு பில். அல்லது நாங்களே வாங்கிக்கொண்டு வரலாம், போத்தலுக்கு 1,000 ரூபா கோர்க்கேஜ் (வெளிப் போத்தலுக்கு ஹோல் எடுக்கிற காசு). 300 பேருக்குச் சொல்லப் போகிறோம்.

அப்பா குடிக்கிறவர் இல்லை, அவருக்கு இந்தக் கணக்கு விளங்காது. அம்மா கலியாணச் செலவுக்கு ஏற்கெனவே இரண்டு காப்பை அடகு வைத்துவிட்டா. அந்தக் காசில் சாராயம் வாங்க எனக்கு மனமில்லை. அனுபவப்பட்ட ஆட்கள் சொல்லுங்கோ.

பரந்தன் சந்தி

மூன்றாவது வழி. வேறு கதையே இல்லை.

கணக்கப்பிள்ளை

வவுனியாவில் ஒரு ஹோட்டலில் பில் போடுகிற பக்கம் கனகாலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தலைக்கு 1,500 என்றால் அது குடிக்கிற தலைக்கு இல்லை, வருகிற எல்லாத் தலைக்கும். உங்கள் அம்மம்மாவும் பக்கத்து வீட்டுப் பாலர் வகுப்புப் பிள்ளையும் அதில் சேர்த்தி. 300 பேருக்கு 450,000. அதன் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம் போட்டால் 495,000. வற் (பெறுமதி சேர் வரி) பதிவு உள்ள இடமென்றால் அதற்கும் மேல் 18 வீதம், 584,100. விலைத்தாளில் "பிளஸ் பிளஸ்" என்று, அதாவது இந்த இரண்டும் விலைக்கு மேல் என்று, சின்னதாகப் போட்டிருக்கிறதா என்று ஒருக்கால் திரும்பப் பாருங்கோ.

நீங்களே வாங்கினால்? 300 பேரில் வளர்ந்த ஆம்பிளைகள் 120 என்று வைப்போம். கிளாஸ் எடுக்கிறவர்கள் அதில் பாதி, 60 பேர். ஆளுக்குக் கால்போத்தல் வீதம் 15 முழுப்போத்தல். வரி கூடுகிற நேரமெல்லாம் விலையும் கூடும், 2025 ஜனவரியிலும் மதுவரியை 6 வீதம் ஏற்றினார்கள். அதனால் கணக்குக்காகப் போத்தல் 3,500 என்று பிடிக்கிறேன். 52,500. கோர்க்கேஜ் 15,000. மொத்தம் 67,500. பியர், சோடா, ஐஸ் என்று இன்னொரு அவ்வளவு போனாலும் தலைக்கு 1,500 என்கிற பைக்கேஜ் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வராது.

நடுவில் இருக்கிற "குடித்த அளவுக்கு" என்பதுதான் கேட்க நியாயமாக இருந்து கடைசியில் ஆளை விழுத்துவது. சீல் உடைத்த போத்தல் எல்லாம் பில்லில் ஏறும், உள்ளே முக்கால்வாசி மிச்சம் இருந்தாலும் சரி. மூன்று வெயிட்டர்மார் மூன்று மேசையில் ஒரே நேரம் உடைப்பார்கள். பத்து மணிக்குப் பிறகு போத்தல் வெளியில் நிற்கிற வான் பக்கம் நடக்கத் தொடங்கும். வெறும் போத்தலை எண்ணித்தான் பில் போடுவோம். அந்த வெறும் போத்தல் பெட்டிக்குப் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருவர் நிற்காவிட்டால் நாங்கள் சொல்வதுதான் கணக்கு.

ஒருக்கால் ஒரு கலியாணத்தில் பெண்ணின் தகப்பன் வாசலில் நின்று ஆட்களை வழியனுப்பிக்கொண்டு நிற்கிறார், கையில் வெற்றிலைத் தட்டம். அந்த நேரம் பார்த்துப் பில்லை நீட்டச் சொன்னார் முதலாளி. மனுசன் கண்ணாடி இல்லாமல் தாளைத் தூரப் பிடித்து வாசித்தார். ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க ஒன்றும் கேட்க முடியாதே, கையெழுத்தைப் போட்டார். அது நான் வேலை செய்த இடம். பெயர் வேண்டாம்.

மாங்குளத்தான்

கணக்கு சரி. ஆனால் 60 பேர் என்று எங்கள் ஊரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டீர்கள் அண்ணை 😄

ரொறன்ரோ ராசன்

சித்தப்பாமாரை ஏசாதேங்கோ, அவர் பழகின முறையைச் சொல்கிறார். இங்கே ஒன்ராறியோவில் ஹோலுக்கு லைசென்ஸ் இருக்கும், பார்காரர் பயிற்சி எடுத்த ஆளாக இருப்பார். லைசென்ஸ் இல்லாத இடத்தில் செய்வதென்றால் வீட்டுக்காரர் விசேட நிகழ்வு அனுமதி எடுக்க வேணும். அதற்குள் பல வகை இருக்கு. வீட்டுக்காரர் முழுதும் கட்டுவது ஒன்று. வருகிறவர் தன் காசில் வாங்கிக் குடிப்பது ஒன்று. இடையில் "ரூனி பார்" என்று ஒன்று, வருகிறவர் ஒரு கிளாஸுக்கு இரண்டு டொலர் போட, மிச்சத்தை வீட்டுக்காரர் கட்டுவார். குடிக்கிறவனுக்கும் கை கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும்.

வெள்ளைக்காரர் கலியாணத்தில் காசு கொடுத்துக் குடிப்பது வெட்கமான விசயம் இல்லை. எங்கள் ஆட்களின் கலியாணத்தில் நான் இன்னும் காணவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கோ, 200 ரூபாவுக்கு ஒரு டோக்கன் வைத்தால் என்ன?

பரந்தன் சந்தி

டோக்கனா? அண்ணை ஊருக்கு வந்து கனகாலமோ?

2,000 ரூபாவை என்வலப்பில் வைத்துத் தந்துவிட்டு 5,000 ரூபாவுக்குக் குடிக்கிற சனம் நாங்கள். டோக்கன் வைத்தால் அடுத்த தலைமுறை வரைக்கும் கதைப்பாங்கள். "கலியாண வீட்டில் கல்லாப்பெட்டி வைத்த குடும்பம்" என்று உங்கள் பேரப்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசுகிற இடத்திலும் அது வரும்.

கணக்கப்பிள்ளை

கதை ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். ஆட்களைக் கூப்பிட்டுச் சும்மா ஊற்றிக் கொடுப்பது வேறு, காசுக்குக் கொடுப்பது வேறு. டோக்கன் என்றாலும் அது விற்பனைதான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் விற்றால் மதுவரிக் கட்டளைச் சட்டத்தில் குற்றம். மதுவரித் திணைக்களத்துக்கு யாராவது ஒரு போன் போட்டால் போதும், கோபக்கார உறவு இல்லாத கலியாணம் எங்கே இருக்கு?

தம்பி முறிகண்டியான், இதில் உங்களுக்கும் ஒரு கேள்வி. அந்த ஹோலுக்கு மதுவரி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? தலைக்கு 1,500 என்று குடிவகைக்கு விலை போட்டால் அவரும் விற்கிறார் என்றுதானே அர்த்தம். பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கோ. காட்டாவிட்டால் முதல் இரண்டு வழியும் தானாகவே வெட்டுப்படும், உங்கள் தலையிடி பாதி குறையும்.

சைவப்பழம்

எல்லாரும் எப்படிக் கட்டுவது என்று கதைக்கிறீர்கள், ஏன் கட்ட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சண்டைக் காலத்தில் இதே வன்னியில் கலியாணம் நடக்கவில்லையா? தேத்தண்ணியும் பயத்தம் பணியாரமும் கொடுத்துத் தாலி கட்டி வைத்தோம். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்குதுகள். இப்போது கிளிநொச்சியில் சந்திக்குச் சந்தி பார். 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியிட்ட அனுமதிப்பத்திரப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் மாவட்டத்துக்கு எப்படி அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள் என்று. மதுக்கடை வேண்டாம் என்று ரோட்டில் பதாகை பிடிக்கிற சனமே கலியாண வீட்டில் பார் திறக்கிறது.

மாங்குளத்தான்

பதாகை பிடிக்கிறவர்களில் சிலரை இரவிலும் கண்டிருக்கிறேன்.

மட்டுறுத்துநர்

இதன் பின் வந்த நான்கு பதில்கள் நீக்கப்பட்டுள்ளன. மற்றவர் வீட்டுப் பிள்ளைகளை இழுத்துப் பேச வேண்டாம். கேள்வி செலவைப் பற்றியது.

குமுழமுனைக்காரி

போத்தல் கணக்கு, கோர்க்கேஜ் கணக்கு எல்லாம் வாசித்தேன். 60 ஆம்பிளைகளுக்காக ஒரு இழை ஓடுது. 300 பேரில் மிச்சம் 240 பேர் என்ன குடிக்கப் போகினம் என்று ஒருவருக்காவது கவலை இருக்கா? நான் போன றிசெப்சன்களில் பெண்கள் மேசைக்கு வருவது வெயிலில் நின்ற சோடா, ஒரு மூடி ஐஸும் இல்லை. ஐஸ் எல்லாம் பின்பக்கம் போய்விடும். நல்ல தேசிக்காய்த் தண்ணியும் இளநீரும் வைத்தால் எவ்வளவு செலவு வரப்போகுது?

அடுத்தது அடகு. தம்பி, நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதிலேயே கண் நிற்குது. காப்பை மீட்கும் வரைக்கும் மாதம் மாதம் வட்டி கட்டப்போவது சித்தப்பா இல்லை, அம்மா. எங்கள் பக்கம் தாய் தனியாக நின்று பிள்ளையைக் கட்டிக் கொடுக்கிற வீடு எத்தனை. அப்படி ஒரு வீட்டில், எங்கள் சொந்தத்துக்குள்தான், மாப்பிள்ளையின் கூட்டாளிமாருக்கு "மரியாதை குறையக் கூடாது" என்று நுண்கடன் எடுத்தா அந்த மனுசி. கிழமைக்குக் கிழமை வந்து நிற்கிறவனுக்கு அவ கோழி முட்டை விற்றுக் கட்டினா. மரியாதை வாங்கினவர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொரு பகிடி. 1979 இல் இருந்து பெண்களுக்குக் குடிவகை விற்கக் கூடாது என்று விதி இருந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் அதை எடுத்தார், சில நாளிலேயே ஜனாதிபதி திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அந்த விதிப்படி அம்மா தன் காப்பை வைத்துக் காசு கொடுக்கலாம், கடைக்குப் போய் வாங்கத்தான் ஏலாது. நல்ல நாடு.

என் முடிவு இதுதான்: பார் கேட்டவர் பாருக்குக் கட்டட்டும். கலியாணக் காசில் இருந்து ஒரு ரூபாவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மாப்பிள்ளை நல்லவர் என்கிறீர்கள், அவரிடம் நேரே சொல்லுங்கோ.

ரொறன்ரோ ராசன்

அக்கா சொல்வது சரி. ஆனால் கேட்டவர் கட்டட்டும் என்று விட்டால் கட்டுகிறவர்தான் ராசா. சித்தப்பா காசு கொடுத்தால் எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று பெண் வீட்டார் சொல்ல முடியுமா?

குமுழமுனைக்காரி

முடியும். சாவி எங்களிடம் இருந்தால்.

மாங்குளத்தான்

மாப்பிள்ளையின் ஊர்க்காரன், அதோடு நாலைந்து கலியாணத்துக்குத் தண்ணிப் பொறுப்பு எடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

கூட்டாளிமார் சேர்ந்து போடுகிற முறை எங்கள் பக்கம் இருக்கு. வட்ஸ்அப்பில் குறூப் திறப்போம், ஆளுக்கு இவ்வளவு என்று பெயர் போடுவோம். பெயர் போடுகிறவன் முப்பது பேர், காசு போடுகிறவன் பன்னிரண்டு பேர், குடிக்க வருகிறவன் ஐம்பது பேர். காசு போட்டவன் தன் பங்கு எங்கே என்று நிற்பான், போடாதவன் முதல் மேசையில் இருப்பான். சண்டை வருவது இந்த இடத்தில்தான், வெறியில் இல்லை. அதனால் முதல் கிழமையே காசு கைக்கு வராவிட்டால் அந்தப் பெயரை வெட்டிவிட வேண்டும்.

வெளிநாட்டுக் காசுக்கும் அதே விதி. "நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாமா, சித்தப்பா எல்லாம் நல்ல மனுசர்தான். ஆனால் வந்து இறங்கி, தோட்டம் காணி பார்த்து, நயினாதீவு, மடு எல்லாம் போய் வந்து, கலியாணத்தன்று காசு மாற்ற நேரம் இல்லாமல் போகும். "தம்பி நீ இப்ப போடு, நான் பிறகு தாறன்." அந்தப் பிறகு எயார்போட்டில் முடியும். ஆள் வர முதல் காசு வர வேண்டும், அதுவும் பெண் வீட்டுக்கு வேண்டாம், வாங்கப் போகிற ஆளின் கைக்கோ நேரே கடைக்கோ.

சாவி விசயம் அக்கா சொன்னது நூறு வீதம். அறைக்குள் பெட்டியை வைத்துப் பூட்டி, குடிக்காத ஒருவரிடம் திறப்பைக் கொடுங்கோ. தாய்மாமன் வேண்டாம், அவர் இல்லை என்று சொன்னால் ஒருவரும் ஏற்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் யாராவது இருந்தால் மிக நல்லம். போத்தல் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வர வேண்டும், வெறும் போத்தல் திரும்பி வந்தால்தான் அடுத்தது. மேசையில் போத்தல் வைக்கவே கூடாது, கிளாஸில் ஊற்றித்தான் போக வேண்டும்.

பரந்தன் சந்தி

வாத்தியாரிடம் திறப்பு 😂 எங்கள் வாத்தியார் என்றால் அறைக்குள்ளேயே பூட்டிக்கொண்டு இருந்திருப்பார்.

சிலாவத்தையான்

எங்கள் கடற்கரைப் பக்க வேதக்காரர் (கிறிஸ்தவர்) கலியாணத்தில் கேக் வெட்டினவுடன் வைன் கொடுத்து ரோஸ்ற் (வாழ்த்து) சொல்வது வழக்கம். ஆளுக்கு ஐம்பது மில்லி, சின்னக் கிளாஸ். ஒரு போத்தல் பதினைந்து பேருக்குப் போதும், 300 பேருக்கும் ஊற்றினாலும் 20 போத்தலோடு கதை முடிந்தது. கன வீட்டில் இப்போது திராட்சைச் சாறுதான் ஊற்றுகிறார்கள், படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

உண்மையான குடி அங்கே இல்லை. அது முதல் நாள் இரவு மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில். அடுப்பு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் ஆட்கள் மட்டும். செலவு அவருடையது. பெண் வீட்டாருக்குக் கணக்கும் இல்லை, கண்ணும் இல்லை. றிசெப்சனுக்கு வரும்போது ஆசை தீர்ந்துபோய் இருக்கும், கொஞ்சம் தலையிடியும் இருக்கும், அமைதியாக இருப்பாங்கள். இதை ஏன் சைவக்காரர் செய்யக் கூடாது?

கள்ளுக்கொட்டில்

முற்றத்தில் செய்வதென்றால் சாராயம் எதற்கு? கூட்டுறவுச் சங்கத்தில் முதல் நாளே சொல்லிவைத்தால் கான் கணக்கில் கள்ளு வரும். செலவும் குறைவு, காசும் ஊரில் மரம் ஏறுகிற ஆளுக்குப் போகும். கவனம், வெயில் ஏற முதல் குடித்து முடிக்க வேண்டும், பின்னேரத்துக் கள்ளு புளித்துப்போகும். கசிப்புப் (களவாக வடிக்கிற சாராயம்) பக்கம் மட்டும் ஒருவரையும் விடாதேங்கோ, மலிவு என்று ஒருவன் கொண்டு வருவான்.

சைவப்பழம்

குடி வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் ஒருவரும் நாளைப் பார்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன். வைகாசிப் பூரணை என்றால் பெரும்பாலும் வெசாக் போயா. அன்றைக்கு நாடு முழுக்க மதுக்கடை பூட்டு, ஹோட்டல் பாரும் பூட்டு. அதோடு அந்தப் பூரணையை ஒட்டி வருகிற திங்கட்கிழமைதான் வற்றாப்பளை அம்மன் பொங்கல். நேர்த்தி, விரதம் என்று முல்லைத்தீவுப் பக்கத்து வீடுகளில் மச்சமே காய்ச்ச மாட்டார்கள். அந்தக் கிழமையில் பார்ட்டி வைத்தால் பாதிச் சனம் வராது, வருகிற சனம் மூலைக்கு ஒன்றாக இருக்கும். நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கோ தம்பி.

முறிகண்டியான்

ஐயா, கும்பிடுகிறேன். எடுத்துப் பார்த்தேன். றிசெப்சனுக்கு ஹோல் பிடித்த நாளுக்கு அடுத்த நாள் போயா, அந்தத் திங்கட்கிழமை பொங்கல். அம்மாவுக்கே அது தட்டவில்லை, கலியாண ஓட்டத்தில் மறந்துபோனா. ஹோல்காரருடன் கதைத்து அடுத்த கிழமை சனிக்கு மாற்றியாச்சு, முற்பணம் அப்படியே நிற்கும். அனுமதிப்பத்திரம் கேட்டேன், "எடுக்கக் குடுத்திருக்கு" என்றார். அதோடு பைக்கேஜ், பில் இரண்டும் முடிந்தது.

மாப்பிள்ளையோடும் கதைத்தேன். "மச்சான், எனக்கே அது விருப்பமில்லை, சித்தப்பாவுக்குச் சொல்ல ஆள் இல்லாமல்தான் இருந்தேன்" என்கிறார். அவரே போன் எடுத்துக் கொடுத்தார். முடிவு இப்படி: வெள்ளி பின்னேரம் மாங்குளத்தில் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் பார்ட்டி, செலவு முழுதும் சித்தப்பா. காசு போன கிழமையே வந்துவிட்டது. சனிக்கிழமை ஹோலில் பார் கிடையாது, நல்ல ஜூஸும் ஐஸும் எல்லா மேசைக்கும் (அக்கா, பெண்கள் மேசைக்கு முதலில்). சித்தப்பாவின் வயதுக்காரருக்குப் பின்னறையில் விஸ்கி, அவர் கொண்டு வருவதுதான், கோர்க்கேஜும் அவர் கணக்கு. ஒன்பதரைக்கு அறை பூட்டு. திறப்பு அப்பாவிடம்.

இனி இரண்டு கேள்வி. கூடுதலாக எடுத்த போத்தலைக் கடையில் திருப்பி எடுப்பார்களா? பார்ட்டி முடிந்து சனத்தை எப்படி வீட்டுக்கு அனுப்புவது?

கணக்கப்பிள்ளை

சீல் உடையாவிட்டால் தெரிந்த கடைக்காரர் எடுப்பார், ஆனால் வாங்கும்போதே பேசி, பில்லில் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். பெட்டி கிழியக் கூடாது. ஐஸ் பெட்டிக்குள் போட்ட பியரை ஒருவரும் திருப்பி எடுக்க மாட்டார்கள், லேபல் கழன்றுவிடும். அதனால் பியரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐஸில் போடுங்கோ. ஸ்ட்ரோங் எடுக்கிறதென்றால் குறைத்து எடுங்கோ, லயன் ஸ்ட்ரோங் 8.8 வீதம், பியர்தானே என்று நாலு குடிக்கிறவன் சாராயக்காரனை விட முதல் விழுவான்.

மாங்குளத்தான்

வான் இரண்டு பிடியுங்கோ, அதையும் சித்தப்பா கணக்கில் சேருங்கோ. ஒன்று கிளிநொச்சிப் பக்கம், ஒன்று ஒட்டுசுட்டான் பக்கம். மோட்டார் சைக்கிள் திறப்பை வரும்போதே வாங்கி ஒரு சட்டிக்குள் போட்டால் அடுத்த நாள் காலமை வந்து எடுப்பார்கள். ஏ9 இல் பொலிஸ் ஊதச் சொன்னால் தண்டம், லைசென்ஸ் பறிபோகும். ஒட்டுசுட்டான் றோட்டில் பொலிஸை விட யானை மோசம், அது ஊதச் சொல்லாது.

சாப்பாட்டுக்கு என்ன யோசனை? வெறும் வயிற்றில் விடாதேங்கோ. கோழி டெவிலும் அவித்த கடலையும் என்றால் நான் ஆள் பிடித்துத் தருவேன்.

முறிகண்டியான்

கோழி சரி அண்ணை. மாப்பிள்ளை கணவாய் கேட்கிறார். மாங்குளத்தில் நல்ல கணவாய்க்கு எங்கே போவது?

சிலாவத்தையான்

வெள்ளி விடிய ஐந்தரைக்கு முதல் கரைக்கு வாருங்கோ, தோணி வரும் நேரம். ஐஸ் பெட்டி நீங்கள் கொண்டு வர வேணும். காசு கையில், கடன் இல்லை.